ஓடுபவர் எடை தூக்கலாமா? இரண்டையும் ஒரே வாரத்தில் பொருத்தும் முறை

கோவையை அடுத்த வெள்ளியங்கிரி மலையில் ஏறுவதை விட இறங்குவதுதான் கஷ்டம் என்று போய்வந்த எல்லோரும் சொல்வார்கள். முதல் முறை போனபோது நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. அப்போது வாரத்துக்கு 30 கி.மீ. ஓடிக்கொண்டிருந்தேன். ஏழு மலையும் ஏறி முடித்தபோது மூச்சு பெரிதாக வாங்கவில்லை. ஆனால் இறங்கும்போது பாதி வழியிலேயே தொடை வெடவெடவென்று நடுங்க ஆரம்பித்தது. கடைசிப் படிகளில் மொத்த எடையையும் மூங்கில் தடியில் போட்டுத்தான் இறங்கினேன். அப்புறம் மூன்று வாரம் முழங்கால் வலி, ஓடவே முடியவில்லை.

என்ன நடந்தது என்பது பின்னால்தான் புரிந்தது. இறங்கும்போது ஒவ்வொரு அடியிலும் முன்தொடைத் தசை நீண்டுகொண்டே உடலின் எடையைத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பிரேக் பிடிப்பது போன்ற வேலை அது. சமதளத்தில் எத்தனை கி.மீ. ஓடினாலும் அந்த வலு போதிய அளவு வராது. என் இதயமும் நுரையீரலும் தயாராக இருந்தன, கால்கள் தயாராக இல்லை.

ஓட்டமோ மலையேற்றமோ தொடங்கி ஓராண்டுக்குள் இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். உதாரணத்துக்கு எங்கள் கோவை ஆண்டையே எடுத்துக்கொள்கிறேன்: டிசம்பரில் 21.1 கி.மீ. அரை மாரத்தான், பிப்ரவரி முதல் மே வரை வெள்ளியங்கிரி. இதய நோய், ரத்த அழுத்தம், பழைய மூட்டுக் காயம் உள்ளவர்கள் மருத்துவரைப் பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

முதலில் ஒரு பயம்

எடை தூக்கினால் உடம்பு கனத்து வேகம் போய்விடும் என்று ஓடுபவர்கள் பயப்படுகிறார்கள். ஓடினால் தசை கரைந்துவிடும் என்று ஜிம்முக்குப் போகிறவர்கள் பயப்படுகிறார்கள். இரண்டாவது பயத்துக்கு ஓர் ஆதாரம் உண்டு. 1980இல் ராபர்ட் ஹிக்சன் என்ற அமெரிக்க ஆய்வாளர் மூன்று குழுக்களை 10 வாரம் பயிற்சி செய்யவைத்தார். ஒரு குழுவுக்கு வாரம் 5 நாள் எடை, இன்னொன்றுக்கு வாரம் 6 நாள் ஓட்டமும் சைக்கிளும், மூன்றாவது குழுவுக்கு இரண்டும் முழுமையாக. மூன்றாவது குழுவின் வலு ஏழாவது வாரம் வரை நன்றாக ஏறியது, பிறகு நின்று, கடைசியில் இறங்கத் தொடங்கியது.

இந்தப் பாதியை மட்டும் எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறார்கள். அதே குழுவின் தாங்குதிறன் கொஞ்சமும் குறையவில்லை என்பதும் அதே ஆய்வில்தான் இருக்கிறது. அவர்கள் வாரத்துக்கு 11 அமர்வு செய்தார்கள், அதுவும் முழு மூச்சாக. நீங்களும் நானும் செய்யப்போவது அதில் பாதிதான்.

முதல் பயத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. 2008இல் வெளியான ஒரு நார்வே ஆய்வில், பழகிய ஓட்டக்காரர்கள் 8 வாரம், வாரம் 3 நாள், அதிக எடையோடு அரை ஸ்குவாட் (பாதி வரை மட்டும் இறங்கும் பஸ்கி) செய்தார்கள். ஒரு நாளைக்கு 4 சுற்று, சுற்றுக்கு 4 முறை, அவ்வளவுதான். அதே வேகத்தில் ஓட அவர்களுக்குத் தேவைப்பட்ட ஆக்சிஜன் சுமார் 5% குறைந்தது. உடல் எடை கூடவில்லை.

படி 1: இந்தப் பருவத்தில் எது முதன்மை என்று முடிவு செய்யுங்கள்

இரண்டிலும் ஒரே நேரத்தில் உச்சம் தொட நினைப்பதுதான் நான் அதிகம் பார்க்கும் தவறு. ஜூலை முதல் செப்டம்பர் வரை வலுவுக்குக் கொடுங்கள்: வாரம் 2 நாள் எடை, 3 நாள் ஓட்டம், பெரும்பாலும் நிதானமாக. அக்டோபர் முதல் ஓட்டம் முன்னுக்கு வரட்டும், எடைப் பயிற்சி வாரம் ஒருநாளாகக் குறையட்டும். ஒருநாள் போதுமா என்று சந்தேகம் வரும். சேர்த்த வலுவைக் காப்பாற்ற வாரம் ஒரு கனமான அமர்வு போதும். போட்டிப் பருவ சைக்கிள் வீரர்களிடம் அதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள்.

படி 2: வாரத்தை வரையுங்கள்

உடற்பயிற்சிகளைத் தேர்ந்தெடுப்பதை விட இதுதான் முக்கியம். கடினமான நாள் கடினமாகவே இருக்கட்டும், லேசான நாள் உண்மையிலேயே லேசாக இருக்கட்டும். புதியவர்கள் பெரும்பாலும் ஓடாத நாளிலெல்லாம் எடை தூக்கிவிடுகிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் அப்படிச் செய்தால் கால்களுக்கு ஒருநாள்கூட ஓய்வு கிடைக்காது.

ஜூலை முதல் செப்டம்பர் வரைக்கான வாரம் இப்படி:

திங்கள்: முழு ஓய்வு.
செவ்வாய்: காலை 30 நிமிட ஓட்டம், நடுவில் சில வேகத் துண்டுகள், அதாவது கொஞ்ச நேரம் மட்டும் வேகமாக ஓடுவது. மாலை கால்களுக்கான எடைப் பயிற்சி.
புதன்: ஓய்வு, அல்லது நடை.
வியாழன்: பேசிக்கொண்டே ஓடக்கூடிய வேகத்தில் 40 நிமிடம்.
வெள்ளி: காலை இரண்டாவது எடைப் பயிற்சி, சற்று லேசாக.
சனி: ஓய்வு.
ஞாயிறு: நீண்ட ஓட்டம்.

செவ்வாயில் காலைக்கும் மாலைக்கும் நடுவில் குறைந்தது 6 மணி நேரம் இடைவெளி விடுங்கள். ஓட்டம் முதலில், எடை பிறகு. களைத்த காலோடு வேகமாக ஓடினால் நடையே மாறிப்போகும், காயம் அங்கேதான் பிறக்கிறது. வெள்ளிக்கும் ஞாயிறுக்கும் நடுவில் இரண்டு இரவு கிடைப்பதைக் கவனியுங்கள். ஒருமுறை சனி மாலை கனமான ஸ்குவாட் செய்துவிட்டு மறுநாள் 16 கி.மீ. போனேன். பதினோராவது கி.மீ.யில் நடக்க ஆரம்பித்தேன்.

அக்டோபர் வந்ததும் வெள்ளி அமர்வை எடுத்துவிடுங்கள்.

படி 3: ஐந்தே அசைவுகள்

ஜிம் இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் வீடு போதும். 20 லிட்டர் தண்ணீர் கேன் நிரம்பியிருந்தால் 20 கிலோவுக்குச் சற்று மேல். அரிசிப் பொட்டலங்களை அடுக்கிய முதுகுப் பையை 5 கிலோவிலிருந்து வேண்டிய அளவு கனமாக்கிக்கொள்ளலாம்.

ஸ்குவாட், அதாவது நம் ஊர் பஸ்கி. பையை மார்போடு அணைத்து, நாற்காலியில் உட்காருவது போல இறங்கி எழுங்கள். குதிகால் தரையை விட்டு எழும்பக் கூடாது.

டெட்லிஃப்ட். முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து எடையைத் தூக்குவது. பின்தொடையிலும் பிட்டத்திலும் இழுப்பு தெரிய வேண்டும். கீழ்முதுகில் தெரிந்தால் எடையைக் குறையுங்கள். கேனை விடக் கைப்பிடி உள்ள பை இதற்கு வசதி.

படி இறக்கம். மலைக்குப் போகிறவர்கள் வேறெதை விட்டாலும் இதை விடக் கூடாது. மாடிப்படியில் கீழே பார்த்தபடி ஒற்றைக் காலில் நில்லுங்கள். மற்றொரு காலின் குதிகால் கீழ்ப்படியைத் தொடும் வரை, மனதுக்குள் மூன்று எண்ணிக்கொண்டே மெதுவாக இறங்குங்கள். தொட்டதும் மேலே வாருங்கள். நிற்கும் காலின் முழங்கால் உள்பக்கம் சாயாமல் பாதத்துக்கு நேராகவே இருக்க வேண்டும். சாய்ந்தால் உயரம் குறைவான படியைத் தேடுங்கள். வெள்ளியங்கிரியில் என்னைக் கைவிட்ட தசை இதில்தான் திரும்ப வந்தது. ஒரு காலுக்கு 8 முறை, முதல் வாரம் எடையே வேண்டாம்.

குதிகால் உயர்த்துதல்: படியின் விளிம்பில் முன்பாதத்தை ஊன்றி, ஒரு காலுக்கு 12 முறை. கடைசியாகத் தண்டால். எடுக்க முடியாதவர்கள் சுவரில் கை ஊன்றித் தொடங்கலாம்.

சைக்கிள் ஓட்டுபவர்களுக்கும் இதே பட்டியல் பொருந்தும். அவர்களுக்கு இறக்கத்தில் காலுக்கு வேலை குறைவு என்பதால் படி இறக்கத்தைக் குறைத்து ஸ்குவாட்டைக் கூட்டலாம்.

படி 4: எவ்வளவு எடை, எத்தனை முறை

முதல் 4 வாரம் பழக்கத்துக்கானது: ஒவ்வொன்றிலும் 2 சுற்று, சுற்றுக்கு 10 முறை (படி இறக்கத்துக்கும் குதிகால் உயர்த்துதலுக்கும் மேலே சொன்ன எண்ணிக்கை), லேசான எடை. அடுத்த 4 வாரம் ஸ்குவாட்டிலும் டெட்லிஃப்டிலும் எடையைக் கூட்டி, 3 சுற்று, 8 முறை. பிறகு 5 அல்லது 6 முறை மட்டுமே முடிகிற எடைக்குப் போகலாம். சுற்றுகளுக்கு நடுவில் 2 முதல் 3 நிமிடம் ஓய்வு கட்டாயம். ஓடுபவர்களுக்கு இந்த ஓய்வு பிடிப்பதில்லை, மூச்சு வாங்கினால்தான் பயிற்சி என்று தோன்றும். மூச்சுக்குத்தான் ஓட்டம் இருக்கிறதே. இங்கே தேவை வலு.

இன்னும் இரண்டு முறை செய்ய முடியும் என்று தோன்றும்போதே நிறுத்துங்கள். ஒவ்வொரு நான்காவது வாரமும் சுற்றுகளைப் பாதியாக்குங்கள். எடையையும் ஓடும் தூரத்தையும் ஒரே வாரத்தில் கூட்டாதீர்கள்.

படி 5: சாப்பாடும் தூக்கமும்

இரண்டு பயிற்சியும் சேரும்போது பலர் உணவைக் கூட்டாமலே விட்டுவிடுகிறார்கள். வலு ஏறாததற்குப் பெரும்பாலும் இதுவே காரணம். உடல் எடையில் கிலோவுக்கு சுமார் 1.6 கிராம் புரதம் என்று வைத்துக்கொள்ளுங்கள். 60 கிலோ உள்ளவருக்கு 96 கிராம். ஒரு முட்டையில் 6 கிராம், 100 கிராம் வேர்க்கடலையில் 25 கிராம், வேகவைத்த கொண்டைக்கடலை 100 கிராமில் 8, 9 கிராம். இட்லி சாம்பாரால் மட்டும் அந்தக் கணக்கு நிறையாது. மாலையில் ஒரு கிண்ணம் சுண்டல், இரவில் முட்டையோ பனீரோ மீனோ சேருங்கள். சோற்றைக் குறைக்காதீர்கள், நீண்ட ஓட்டத்துக்கு அதுதான் எரிபொருள்.

7 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய மறுநாள் கனமான எடை வேண்டாம். காலையில் எழுந்ததும் நாடித்துடிப்பை எண்ணிப் பழகுங்கள். வழக்கத்தை விடத் தெளிவாகக் கூடி இரண்டு மூன்று நாள் தொடர்ந்தால் ஒரு நாள் ஓய்வு எடுங்கள். தசை முழுவதும் மந்தமாக வலித்தால் அது பயிற்சி வலி. மூட்டில் ஒரே புள்ளியில் குத்தினால் நிறுத்திவிட வேண்டும்.

படி 6: போட்டிக்கு முன்னும் மலைக்கு முன்னும்

டிசம்பர் ஓட்டத்துக்கு 10 நாள் முன்பு கால்களுக்கான கடைசி கனமான அமர்வு. கடைசி வாரத்தில் எடையே இல்லாமல் சில ஸ்குவாட், அவ்வளவு போதும்.

ஓட்டம் முடிந்து இரண்டு வாரம் ஆறிய பிறகு, ஜனவரியில் ஞாயிறு ஓட்டத்தை மருதமலைப் படிக்கட்டுக்கு மாற்றுங்கள். 3 கிலோ பையோடு ஏறி, அதே படியில் நிதானமாக இறங்குங்கள். முதல் முறை ஒரே சுற்று போதும். வலி மறுநாளை விட அதற்கு அடுத்த நாள் அதிகமாக இருக்கும், பயப்பட வேண்டாம், அந்த வாரம் எடைப் பயிற்சியை விட்டுவிடுங்கள். ஒருமுறை இறக்கத்துக்குப் பழகிய தசை அடுத்த சில வாரங்களுக்கு அதே இறக்கத்தில் அந்த அளவு வலிக்காது. அதனால் வெள்ளியங்கிரிக்குக் கிளம்பும் நாளுக்கு மூன்று வாரம் முன்பு ஒரு நீண்ட இறக்கத்தை முடித்துவிடுங்கள். அதற்கு அடுத்த வாரம் இன்னொன்று, சற்றுக் குறைவாக. கிளம்பும் வாரத்தில் நடை மட்டும்.