சீன முறையில் புதுவீடு குடிபோவது: நாள் குறிப்பது முதல் அன்னாசி உருட்டுவது வரை

சிங்கப்பூரிலோ மலேசியாவிலோ சீனக் குடும்பத்தில் மணமுடித்த நம்மவர்கள், புது வீட்டுச் சாவி கைக்கு வந்ததும் முதல் வேலையாக லாரிக்குப் பேசிவிடுகிறார்கள். அப்புறம்தான் மாமியார் "நாள் பார்த்தாச்சா?" என்று கேட்பார், அதோடு போட்ட திட்டம் எல்லாம் தலைகீழ். இந்த அவதி தேவையே இல்லை. சீனர்கள் பார்ப்பது சாமான் ஏறி இறங்கும் நாளை அல்ல, அந்த வீட்டில் வாழப்போகிறவர்கள் முறைப்படி உள்ளே கால் வைக்கும் நாளையும் நேரத்தையும்தான். சோபா, அலமாரி, குளிர்பதனப் பெட்டி எல்லாம் முன்னாலேயே வந்து இறங்கலாம், பின்னாலும் வரலாம். குறித்த நாள் வரும்வரை அங்கே யாரும் இரவு தங்கித் தூங்கக் கூடாது, அவ்வளவுதான்.

நாள் பார்க்க தோங் ஷு என்ற சீனப் பஞ்சாங்கம் வேண்டும். சீனப் புத்தாண்டுக்கு முன்பே புத்தகக் கடைகளில் புதுசு வந்துவிடும், கடைகளில் தொங்கும் தினசரி கிழிக்கும் நாட்காட்டியிலும் இதன் சுருக்கம் இருக்கும். ஒவ்வொரு நாளுக்கும் செய்யத்தக்கவை ஒரு பக்கம், தவிர்க்க வேண்டியவை ஒரு பக்கம், அன்று எந்த விலங்கு ராசிக்கு மோதல் என்பது இன்னொரு வரி. உங்களுக்குச் சீனம் படிக்கத் தெரியாவிட்டால் தெரிந்த ஒருவரை உட்காரவைத்து மூன்று சொற்களை மட்டும் தேடச் சொல்லுங்கள்: ரூ ஜாய் என்பது புது வீட்டுக்குள் நுழைவது, யீ ஷி என்பது இருப்பிடம் மாற்றுவது, அன் சுவாங் என்பது கட்டில் போடுவது. மூன்றும் ஒரே நாளில் அமைந்தால் மிக நல்லது. அமையாவிட்டால் ரூ ஜாய் இருக்கும் நாளைப் பிடித்துக்கொள்ளுங்கள், கட்டிலுக்கு வேறு நாள் பார்த்துக்கொள்ளலாம்.

தவிர்க்க வேண்டிய காலத்தை முதலிலேயே அடித்துவிட்டால் வேலை பாதியாகக் குறையும். சீனர்களின் ஏழாம் மாதம், அதாவது ஆவிகளுக்குப் படையல் வைக்கும் மாதம், 2026இல் ஆகஸ்ட் 13 முதல் செப்டம்பர் 10 வரை வருகிறது. நாம் ஆடியில் குடிபோகாதது போல அவர்கள் இந்த மாதத்தில் குடிபோக மாட்டார்கள். அப்புறம், வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் ஆகிய பருவங்கள் ஒவ்வொன்றும் தொடங்குவதற்கு முந்தின நாள் ஆகாது; பகலும் இரவும் சமமாகும் சம இரவு நாட்கள் இரண்டு, பகல் மிக நீண்டும் மிகக் குறுகியும் வரும் கதிர்த்திருப்ப நாட்கள் இரண்டு, இவை ஒவ்வொன்றுக்கும் முந்தின நாளும் ஆகாது. பன்னிரண்டு நாள் சுழற்சியில் ஒவ்வொரு நாளுக்கும் ஒரு குணம் உண்டு. அதில் போ என்னும் உடைக்கும் நாளில் எந்த நல்ல காரியத்தையும் தொடங்குவதில்லை. செங் என்னும் நிறைவேறும் நாளும் காய் என்னும் திறக்கும் நாளும் குடிபோக நன்றாகப் பொருந்துபவை. ஆண்டைப் போலவே ஒவ்வொரு நாளுக்கும் பன்னிரண்டு விலங்கு ராசிகளில் ஒன்று உண்டு, அந்த ஆண்டின் ராசிக்கு எதிர் ராசி நாளும் கூடாது. 2026 குதிரை ஆண்டு, ஆகவே எலி நாட்கள் முழுவதையும் விட்டுவிட வேண்டும்.

இனி வருவதுதான் முக்கியமான கட்டம், பலரும் அரைகுறையாகச் செய்வதும் இதைத்தான். பஞ்சாங்கத்தில் நல்ல நாள் என்று போட்டிருப்பது ஊருக்கெல்லாம் பொதுவானது, உங்கள் வீட்டு ஆட்களுக்கு அது நல்லதா என்பது தனிக் கணக்கு. மோதும் ஜோடிகள் ஆறு: எலி குதிரை, மாடு ஆடு, புலி குரங்கு, முயல் சேவல், டிராகன் நாய், பாம்பு பன்றி. கணவர் 1990இல் பிறந்த குதிரை, மனைவி 1992இல் பிறந்த குரங்கு, குழந்தை 2024இல் பிறந்த டிராகன் என்று வைத்துக்கொள்வோம். குதிரைக்கு எலி நாளும், குரங்குக்குப் புலி நாளும், டிராகனுக்கு நாய் நாளும் ஆகாது, ஆக பன்னிரண்டில் மூன்று போய்விடும். மீதி ஒன்பதில் ரூ ஜாய் எங்கே வருகிறது என்று பார்த்தால் பெரும்பாலும் மாதத்துக்குச் சில நாளாவது தேறும். ஜனவரியிலோ பிப்ரவரியிலோ பிறந்தவர்கள் மட்டும் கவனமாக இருங்கள். 1990 ஜனவரி 20இல் பிறந்தவர் குதிரை அல்ல, பாம்பு, ஏனென்றால் அந்த வருடச் சீனப் புத்தாண்டு ஜனவரி 27இல்தான் வந்தது. தாத்தா பாட்டியும் சேர்ந்து ஆறேழு பேர் உள்ள வீட்டில் எல்லாருக்கும் பொருந்தும் நாள் கிடைப்பது கஷ்டம். அப்போது வீட்டுத் தலைவருக்கும் தலைவிக்கும் பொருந்தும் நாளை எடுத்துக்கொண்டு, மோதல் உள்ளவர்களை அந்த நேரத்தில் வெளியே இருக்கச் சொல்லி, சடங்கு முடிந்ததும் உள்ளே அழைப்பார்கள். இதைச் சொல்லிச் செய்தால் பெரியவர்கள் வருத்தப்பட மாட்டார்கள், சொல்லாமல் வெளியே நிறுத்தினால்தான் மனத்தாங்கல்.

நேரத்தை இரண்டிரண்டு மணியாகப் பிரித்திருப்பார்கள். காலை 7 முதல் 9 வரை டிராகன், 9 முதல் 11 வரை பாம்பு, 11 முதல் 1 வரை குதிரை. மேலே சொன்ன குடும்பத்துக்கு மோதும் நேரங்கள் இரவிலும் பின்னிரவிலும் விழுவதால் காலை முழுவதும் தடையில்லை. பொதுவாக வெயில் ஏறும் பொழுதில் நுழைவதையே விரும்புவார்கள், பொழுது சாய்ந்த பிறகு கூடாது. இன்னொரு நுணுக்கம் உண்டு. சிங்கப்பூர்க் கடிகாரம் சூரியக் கணக்கை விட ஒரு மணி நேரத்துக்கும் சற்று மேலாக முன்னே ஓடுகிறது, ஆகவே கறாராகப் பார்க்கும் சில சோதிடர்கள் நேரத்தைத் தள்ளிக் கணக்கிடுவார்கள். வீட்டில் இரண்டு கட்சி இருந்தால் இரண்டுக்கும் பொதுவாக விழும் பொழுதை எடுங்கள். பாம்பு நேரம் குறித்திருந்தால் 10:15க்கு மேல் 10:50க்குள் நுழைந்துவிடுங்கள், சண்டையே வராது.

கர்ப்பிணி இருக்கும் வீட்டில் கட்டிலை நகர்த்துவதும் சுவரில் துளை போடுவதும் கருவைக் காக்கும் தெய்வத்துக்கு இடைஞ்சல் என்று நம்புகிறார்கள். நம்பிக்கை இருக்கிறதோ இல்லையோ, அவரைத் தூசிக்கும் தூக்கும் வேலைக்கும் நடுவில் நிறுத்தாமல் அன்று அம்மா வீட்டில் விட்டுவிட்டுச் சடங்கு நேரத்துக்கு அழைத்து வருவதுதான் நல்லது.

வாங்க வேண்டியவை அதிகமில்லை. அரிசிப் பானையோ டப்பாவோ ஒன்று, விளிம்பு வரை அல்லது ஏறக்குறைய நிறைய அரிசி, வெளியே ஒட்டச் சிவப்புத் தாள், மேலே வைக்க ஓர் அங் பாவ், அதாவது பணம் வைத்த சிவப்பு உறை. உப்பு, எண்ணெய், சோயா சாஸ், வினிகர், தேயிலை. கைப்பிடியில் சிவப்பு நாடா கட்டிய புதுத் துடைப்பமும் முறமும். பழைய வீட்டுத் துடைப்பத்தைக் கொண்டுவரக் கூடாது. புதுக் கெண்டி. ஈரச்சந்தையில் கொண்டையோடு நல்ல அன்னாசி ஒரு ஜோடி, உருட்டினால் கசியாதபடி கொஞ்சம் காயாகவே பார்த்து வாங்குங்கள். அன்னாசிக்கு ஹொக்கியன் பேச்சில் ஓங் லாய் என்று பெயர், செல்வம் வருகிறது என்பதுபோல் ஒலிப்பதால்தான் இதற்கு இவ்வளவு மரியாதை.

உள்ளே யாரும் வெறுங்கையோடு நுழையக் கூடாது, குழந்தை கையிலும் ஒரு ஆரஞ்சைக் கொடுங்கள். கதவைத் திறந்ததும் வீட்டுத் தலைவர் வாசலில் நின்று அன்னாசியை உள்நோக்கி உருட்டுவார், கையால் உருட்ட வேண்டும், காலால் தள்ளக் கூடாது. எல்லாரும் "ஹுவாட் ஆ!" (செழிக்கட்டும்!) என்று சத்தமாகச் சொல்லுங்கள், வெட்கப்படாதீர்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள் கேட்டால் சிரித்துக்கொண்டு வாழ்த்துவார்கள். அப்புறம் அரிசிப் பானை சமையலறைக்குப் போகட்டும். சன்னல்களைத் திறந்து, எல்லா விளக்கையும் மின்விசிறியையும் போட்டு, குழாய்களை மெல்லிசாக ஓடவிடுங்கள். காற்றும் நீரும் அசைந்தால் அதிர்ஷ்டம் எழும் என்பது நம்பிக்கை. தொட்டியை அடைத்துவைத்தால் அந்தத் தண்ணீர் துடைக்க உதவும். உடனே அடுப்பில் தண்ணீர் கொதிக்க வையுங்கள். நம் வீட்டில் பால் பொங்குவதுபோல் இங்கே தண்ணீர் கொதிப்பதுதான் வீட்டுக்கு உயிர் வந்ததற்கு அடையாளம். அதில் தேநீர் போடலாம், தாங் யுவான் என்னும் இனிப்பு மாவுருண்டை வேகவைத்து எல்லாரும் உண்ணலாம். அந்தக் காலத்தில் பழைய வீட்டு அடுப்பிலிருந்து கனலும் கரியையே தூக்கிக்கொண்டு வருவார்கள், இன்றும் சிலர் கரிச்சட்டியைத் தாண்டி நுழைகிறார்கள். அடுக்குமாடி வீட்டுக்குள் கரி வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. சிங்கப்பூரில் 2018 ஜூன் முதல் புது வீடுகளில் தீ எச்சரிக்கைக் கருவி கட்டாயம், புகை எழுந்தால் நல்ல நேரத்தில் அது அலறிக்கொண்டிருக்கும்.

பூசைமாடம் உள்ள குடும்பமானால் முன்னோர் தூபச் சட்டியும் தெய்வங்களும் அன்று கையில் கொண்டுபோகும் மற்ற சாமானுக்கு முன்பே உள்ளே போக வேண்டும். தரையோடு வைக்கும் சிவப்பு மாடத்தில் நிலத்துக்குரிய தெய்வத்தை வணங்குவார்கள். சீன மண்ணின் தலைவரோடு இந்த ஊர் மண்ணின் தலைவரையும் சேர்த்தே அதில் எழுதியிருப்பது எனக்கு மிகவும் பிடிக்கும். புலம்பெயர்ந்து வந்தவர்கள் வந்த இடத்தின் தெய்வத்திடம் அனுமதி கேட்கிறார்கள். கிறிஸ்தவச் சீனக் குடும்பங்கள் பலவற்றில் மாடம் இருக்காது, அரிசியும் அன்னாசியும் மட்டும் இருக்கும், அதையும் கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

அன்று பகலில் படுத்துத் தூங்காதீர்கள், அழுகை, திட்டு, கடன் பேச்சு எதுவும் வேண்டாம். இரவு வரவேற்பறை விளக்காவது விடியும்வரை எரியட்டும். நுழைந்த நாளில் அங்கேயே தூங்குவது முறை. உருட்டிய அன்னாசியைச் சில நாள் அலங்காரமாக வைத்துவிட்டு, பழுத்ததும் வெட்டிச் சாப்பிடலாம்.

விருந்தாளியாகப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடிகாரம், கத்தி, கத்தரிக்கோல், குடை, செருப்பு எதையும் பரிசாகக் கொண்டுபோகாதீர்கள். முழுக் கறுப்பில் போகாதீர்கள். ஆரஞ்சும் அன்னாசியும் எப்போதும் நல்லது. பணம் வைப்பதானால் சிவப்பு உறையில், இரட்டைப்படையில், நான்கு வராமல் வையுங்கள், 68, 88 போல. நமக்கு 51, 101 என்று வைத்துத்தான் பழக்கம், ஆனால் சிங்கப்பூர்ச் சீனர்கள் ஒற்றைப்படைத் தொகையைத் துக்க வீட்டில்தான் கொடுப்பார்கள்.