தொழிற்சாலை ஆய்வாளர் பயிற்சி பலன் தந்ததா? பனியன், ஆயத்த ஆடைத் துறையில் மதிப்பிடும் முறை

தொழிற்சாலை ஆய்வாளர்களுக்கான பயிற்சி முடிகிற மாலையில் ஒரு தாளை நீட்டி, "வகுப்பு பயனுள்ளதாக இருந்ததா, 1 முதல் 5 வரை மதிப்பெண் தருக" என்று கேட்பதோடு பெரும்பாலான மதிப்பீடுகள் முடிந்துவிடுகின்றன. அந்தத் தாளில் சாப்பாடும் அரங்கமும் பேச்சாளரின் குரலும்தான் மதிப்பெண் வாங்குகின்றன. பயிற்சி பெற்ற ஆய்வாளர் அடுத்த மாதம் திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனிக்குள் நுழையும்போது எதைப் பார்ப்பார், எதை எழுதுவார் என்பது அதில் வராது.

பயிற்சி மதிப்பீட்டுக்கு அமெரிக்கப் பேராசிரியர் டொனால்டு கிர்க்பாட்ரிக் 1959இல் நான்கு படிகள் வகுத்தார்: வந்தவர்களுக்குப் பிடித்ததா, கற்றார்களா, வேலையில் மாறினார்களா, அதனால் விளைவு உண்டா. முதல் இரண்டும் வகுப்பறைக்குள்ளேயே முடிந்துவிடுவதால் எல்லோரும் அங்கேயே நின்றுவிடுகிறார்கள். ஆய்வாளர் பயிற்சியின் உயிர் மூன்றாவது படியில் இருக்கிறது. பணமும் ஆளும் குறைவாக இருந்தால் முழுவதையும் அதில் போடுங்கள்.

பயிற்சிக்கு முன்பே தொடங்குங்கள்

பயிற்சித் தேதிக்கு இரண்டு மாதம் முன்பே, ஆய்வாளர் செய்துகாட்ட வேண்டிய 8 முதல் 10 செயல்களை எழுதிக்கொள்ளுங்கள். "மிகைநேரச் சட்டம் பற்றிய விழிப்புணர்வு பெறுவார்" என்ற வரியை யாராலும் அளக்க முடியாது. "சம்பளப் பதிவேட்டையும் நேர அட்டையையும் மூன்றாவது ஓர் ஆவணத்தோடு ஒப்பிட்டு, மறைத்த வேலை நேரத்தைக் கண்டுபிடிப்பார்" என்று எழுதினால் அளக்கலாம்.

அடுத்தது அடிநிலைக் கணக்கு, அதாவது பயிற்சிக்கு முன் அவர்கள் இருந்த நிலை. பயிற்சிக்கு வரும் 30 பேரிடமிருந்தும் கடந்த ஆறு மாதத்து ஆய்வுக் குறிப்புகளில் தலா 5ஐ எடுங்கள். எவை என்பதைக் குலுக்கல் முறையில் நீங்கள் தேர்ந்தெடுக்க வேண்டும். அவர்களிடம் விட்டால் சிறந்த ஐந்துதான் வரும். 150 குறிப்புகளிலும் ஆய்வாளர் பெயர், தொழிற்சாலைப் பெயர், தேதி மூன்றையும் மறைத்து, கீழ்க்கண்டவற்றுக்கு 0, 1, 2 என்று மதிப்பெண் இடுங்கள்:

- குறை எந்தத் தளத்தில், எந்த இயந்திரத்தில் என்று இருக்கிறதா
- எத்தனை இயந்திரத்தில், எத்தனை பேருக்கு என்ற எண் உண்டா
- பொருந்தும் சட்டப்பிரிவு சரியா
- எந்தச் சான்றின்மேல் எழுதப்பட்டது
- தொழிலாளர்கள் எத்தனை பேரிடம், யார் இல்லாத இடத்தில் பேசப்பட்டது
- திருத்தக் கெடுவும் மறுஆய்வுத் தேதியும் உண்டா

"இயந்திரங்களுக்குப் பாதுகாப்பு போதவில்லை" என்ற வரிக்கு 0. "இரண்டாம் தளத்தில் 14 ஓவர்லாக் இயந்திரங்களில் கண் கவசம் இல்லை, 6இல் பெல்ட் மூடி கழற்றப்பட்டுள்ளது" என்றால் 2.

மதிப்பெண் இடுபவர்கள் இருவர் வேண்டும். முதல் 20 குறிப்புகளை இருவரும் தனித்தனியே திருத்தி ஒப்பிடுங்கள். ஐந்தில் ஒன்றுக்கு மேல் வேறுபட்டால் மதிப்பெண் விளக்கத்தைத் திருத்தி, வேறு 20ஐ எடுத்து மறுபடி செய்யுங்கள். இதைத் தவிர்த்தால், பிறகு தெரிகிற முன்னேற்றம் ஆய்வாளருடையதா, திருத்தியவரின் மனநிலையுடையதா என்று பிரிக்கவே முடியாது.

கேள்வித்தாள்

முன்தேர்வு, பின்தேர்வு இரண்டுக்கும் ஒரே தாளைக் கொடுப்பது பரவலான தவறு. நினைவில் நின்ற விடை அறிவாகத் தெரியும். ஒரே கடினத்தில் மூன்று தாள்கள் தயாரியுங்கள். மூன்றாவது ஆறு மாதம் கழித்து நடத்துவதற்கு. பயிற்சி நடத்துகிறவர்களிடம் தாள் போகக்கூடாது. போனால் பாடமே தாளைச் சுற்றி நடக்கும்.

பிரிவு எண் கேட்காதீர்கள், கணக்குக் கேளுங்கள். திருப்பூரில் வேலையை ஷிப்ட் கணக்கில் சொல்வார்கள். எட்டு மணி நேரம் ஒரு ஷிப்ட், அதற்கு மேல் நான்கு மணி நேரம் அரை ஷிப்ட், ஆக ஒன்றரை ஷிப்ட். தேர்வுக்கு இப்படி ஒரு சம்பளச் சீட்டைத் தயாரியுங்கள்: ஒரு ஷிப்டுக்கு 600 ரூபாய், அரை ஷிப்டுக்கு 300, வாரம் ஆறு நாள் ஒன்றரை ஷிப்ட். நாளுக்கு 8 மணி வீதம் ஆறு நாளில் 48 மணி நிறைந்துவிடுகிறது. அதற்கு மேற்பட்டது முழுவதும் மிகைநேரம், அதற்கு இரட்டிப்புக் கூலி. மணிக்கு 75 ரூபாய் என்றால் நான்கு மணிக்கு 600 வர வேண்டும், கொடுத்தது 300. நாளுக்கு 300, வாரத்துக்கு 1,800 ரூபாய் குறைவு. சீட்டு பார்க்க ஒழுங்காக இருக்கும், கூட்டலும் சரியாக இருக்கும். அந்தக் குறைவைக் காண்கிறவருக்குப் பயிற்சி சேர்ந்திருக்கிறது.

சட்டம் மாறியதையும் சோதிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்த பணிப் பாதுகாப்புச் சட்டத்தொகுப்பு, 1948 தொழிற்சாலைகள் சட்டத்தின் பல எல்லை எண்களை மாற்றியது. உணவகம் 250 பேருக்கு மேல் என்றிருந்தது 100 பேராகக் குறைந்தது. பாதுகாப்பு அலுவலருக்கான எல்லை 1000இலிருந்து 500, நல அலுவலருக்கு 500இலிருந்து 250. குழந்தைகள் காப்பகத்துக்கு 30க்கு மேற்பட்ட பெண்கள் என்ற கணக்கு, 50க்கு மேற்பட்ட தொழிலாளர்கள் என்றாகியது. இருபது ஆண்டு அனுபவமுள்ளவர்தான் இதில் அதிகம் தடுமாறுவார். பழைய எண் கையில் ஊறியிருக்கும். 120 பேர் வேலை செய்யும் கற்பனைத் தொழிற்சாலை ஒன்றைக் கொடுத்து, என்னென்ன இருக்க வேண்டும் என்று கேளுங்கள்.

தளத்தில் தேர்வு

ஒத்துழைக்கும் ஒரு தொழிற்சாலையில் அரை நாள் கேளுங்கள். முந்தைய மாலையே 12 குறைகளை அமைத்துவையுங்கள். உயிருக்கு ஆபத்து தரும் எதையும் உண்மையில் கழற்றக்கூடாது; இயங்காத இயந்திரங்களிலும் ஆள் இல்லாத பகுதியிலும் மட்டும். சிங்கர் மெஷினில் ஊசிக் கவசம் இல்லாமை, பேட்லாக் தையல் இயந்திரத்தில் பெல்ட் மூடி இல்லாமை, கட்டிங் மேசையில் இரும்பு வலைக் கையுறை இல்லாமை, அயர்னிங் மேசையடியில் ரப்பர் விரிப்பு இல்லாமை, கறை நீக்கும் இடத்தில் காற்று வெளியேற்றி நின்றுபோனது, பண்டல்களால் அடைபட்ட நடைபாதை, அழுத்தம் இறங்கிய தீயணைப்பான் போன்றவை. கூடவே குறைபோலத் தோன்றும், ஆனால் சரியான மூன்று பொருள்களையும் வையுங்கள். எதைப் பார்த்தாலும் குறை என்று எழுதுகிறவர் இந்த மூன்றில் பிடிபடுவார்.

ஒருவருக்கு 45 நிமிடம். தனித்தனியே அனுப்புங்கள், முடித்தவர் காத்திருப்பவரைச் சந்திக்கக்கூடாது. அவசர வழியை அவர் பார்த்துவிட்டுப் போகிறாரா, கையால் தள்ளிப் பார்க்கிறாரா என்று குறித்துக்கொள்ளுங்கள். வெளியிலிருந்து பூட்டிய கதவு உள்ளிருந்து பார்த்தால் நல்ல கதவாகவே தெரியும். 2012 செப்டம்பரில் கராச்சி அலி என்டர்பிரைசஸ் தீயில் 250க்கும் மேற்பட்டவர்கள் மாண்டார்கள். அடைத்த வழிகளும் கம்பியிட்ட ஜன்னல்களும் அங்கே இருந்தன. சில வாரங்களுக்கு முன்புதான் அந்த ஆலை பன்னாட்டுத் தரச்சான்று பெற்றிருந்தது.

ஆவண மேசை ஒன்றும் வேண்டும். நேர அட்டையில் எல்லோரும் மாலை 5.30க்குக் கிளம்பியதாக இருக்கட்டும். அருகில் உடைந்த ஊசிப் பதிவேடு, வாசல் காவலரின் வண்டிப் பதிவு, ஜெனரேட்டர் குறிப்பு மூன்றையும் வையுங்கள். ஊசிப் பதிவேட்டில் இரவு 8.40க்கு ஒரு டெய்லரின் பெயர் இருக்கும். ஏற்றுமதி வாடிக்கையாளரின் கட்டாயத்தால் ஊசி உடைந்த நேரத்தையும் ஆளையும் நிறுவனங்கள் ஒழுங்காகப் பதிகின்றன. சம்பளக் கணக்கைச் சரிக்கட்டுகிறவர்கள் இந்தப் பதிவேட்டைத் தொட மறந்துவிடுவது உண்டு.

தொழிலாளியிடம் பேசும் திறனுக்கு 10 நிமிட நடிப்புத் தேர்வு. தொழிலாளியாக நடிப்பவர் சொல்லிக்கொடுத்த விடையையே முதலில் சொல்வார்: "எல்லாம் நல்லா இருக்குங்க சார்." சூப்பர்வைசராக நடிப்பவர் இரண்டடி தள்ளி நிற்பார். ஆய்வாளர் அவரை அனுப்பினாரா? "ஓவர்டைம் இருக்கா?" என்று கேட்டால் "இல்லைங்க" என்றே வரும். "நேத்து ரூமுக்கு எத்தனை மணிக்குப் போய்ச் சேர்ந்தீங்க?" என்று கேட்கத் தெரிந்தவருக்கு முழு மதிப்பெண். ஒடியா, இந்தி, வங்காளம் பேசுகிறவரையும் ஒரு சுற்றில் வையுங்கள். ஆளைக் கூட்டிவந்த கான்ட்ராக்டரையே மொழிபெயர்க்கச் சொன்னால் அந்தச் சுற்றுக்கு 0. புகார் வந்ததால்தான் வந்தோம் என்று நிர்வாகத்திடம் வாய்தவறினாலும் 0தான். இந்தியா 1949இல் ஏற்ற, பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பின் (ஐ.எல்.ஓ.) 81ஆம் ஒப்பந்தம், 15ஆவது பிரிவில், புகாரின் மூலத்தையும் புகாரால் வந்த ஆய்வு என்பதையும் சொல்லக்கூடாது என்கிறது. அந்தத் தவறால் வேலையை இழப்பவர் புகார் தந்த தொழிலாளி.

ஆறு மாதம் கழித்து

மறுபடி தலா 5 குறிப்புகள், அதே மறைப்பு, அதே மதிப்பெண் தாள். பழையதையும் புதியதையும் கலந்து திருத்தக் கொடுங்கள். எது பயிற்சிக்குப் பின் வந்தது என்று திருத்துகிறவருக்குத் தெரியக்கூடாது.

ஒப்பிட ஒரு குழு இல்லாவிட்டால் எண்கள் ஏமாற்றும். புதிய சுற்றறிக்கை ஒன்று போதும், பயிற்சி பெறாதவர்களின் குறிப்புகளும் மேம்பட்டுவிடும். 90 பேருக்கு மூன்று அணியாகப் பயிற்சி என்றால், யார் எந்த அணி என்பதைக் குலுக்கிப் போடுங்கள். கடைசி அணி, தன் முறை வரும்வரை ஒப்பீட்டுக் குழுவாக இருக்கும். "திறமையானவர்களை முதலில் அனுப்புவோம்" என்று அலுவலகம் சொல்லும். ஒப்புக்கொண்டால் ஒப்பீடு போய்விடும்.

இன்னொரு சோதனை கடினமானது, ஆனால் இதைவிட உண்மையைச் சொல்வது வேறில்லை. பயிற்சி பெற்றவர் ஆய்ந்த தொழிற்சாலைகளில் 20ஐக் குலுக்கி எடுத்து, 30 நாளுக்குள் வேறொரு மூத்த அலுவலர் முன்னறிவிப்பின்றி ஆய்வு செய்யட்டும். அவர் கண்டு, முதலாமவர் எழுதாமல் விட்ட குறைகளை எண்ணுங்கள். அதற்குள் நிர்வாகம் திருத்தியவற்றைத் தனியாகக் குறியுங்கள்.

விதிமீறல் எண்ணிக்கை கூடிவிட்டதே என்று தலைமை அலுவலகம் கலங்கக்கூடும். முதல் ஆண்டில் கூடுவதுதான் நல்லது. முன்பு கண்ணில் படாதது இப்போது படுகிறது. எந்த வகை கூடியது என்று பிரித்துப் பாருங்கள். "அறிவிப்புப் பலகை இல்லை" வகை மட்டும் கூடி, வெளியேறும் வழி, கூலிக் குறைவு, இயந்திரக் கவசம் அப்படியே இருந்தால் பயிற்சி கண்ணைத் திறக்கவில்லை, பேனாவை மட்டும் வேகப்படுத்தியிருக்கிறது. ஆய்வுகளின் எண்ணிக்கையை விளைவாக எடுக்காதீர்கள். நல்ல ஆய்வுக்கு நேரம் அதிகம் பிடிக்கும். எண்ணிக்கை குறையவும் கூடும்.

மாற்றம் தெரியாத ஆய்வாளர்களிடம், பயிற்சியைக் குறைசொல்லும் முன், வண்டி கிடைத்ததா, மாதத்தில் எத்தனை நாள் தளத்துக்குப் போக முடிந்தது, எழுதிய குறிப்பின்மேல் மேலதிகாரி நடவடிக்கை எடுத்தாரா, யாராவது தடுத்தார்களா, இடமாற்றம் ஆனதா என்று ஐந்தும் தனியாகக் கேளுங்கள். பதிலைப் பெயரில்லாமல் பதியுங்கள். ஆடைத் துறைப் பயிற்சி பெற்றவர் பட்டாசு மாவட்டத்துக்கு மாறிப்போயிருந்தால் அவரைக் கணக்கிலிருந்து சத்தமில்லாமல் நீக்கிவிடாதீர்கள். 30 பேரில் எத்தனை பேர் ஆறாம் மாதமும் ஆடைத் தொழிற்சாலைகளை ஆய்கிறார்கள் என்ற எண் அறிக்கையின் முதல் பக்கத்தில் வர வேண்டும்.

அறிக்கை நான்கு பக்கம் போதும். எந்தச் செயலில் மதிப்பெண் எவ்வளவு நகர்ந்தது, எதில் நகரவில்லை, அடுத்த அணிக்கு எந்தப் பாடத்தை நீட்டுவது, எதை வெட்டுவது. அடுத்த அணியின் பாடத்திட்டம் அச்சுக்குப் போவதற்கு மூன்று வாரம் முன்பே அது பயிற்சி நிறுவனத்தின் கையில் இருக்க வேண்டும்.