நான்கு பார் லூப்பின்மேல் நீண்ட குரல்

டெம்போ 90 (நிமிடத்துக்கு 90 தாள அடி), திரும்பத் திரும்பச் சுற்றும் நான்கு பார் டிரம்ஸ் லூப் (ஒரு பாருக்கு நான்கு அடி), மேலே 32 பார் நீளும் குரல் பதிவு. ஒலித்துண்டுகளைப் பதிந்து ஒலிக்கவைக்கும் கருவியான ஹார்டுவேர் சாம்ப்ளரில் 10.67 விநாடிக்கு ஒருமுறை லூப் திரும்பும்போதெல்லாம் குரல் அறுந்து முதல் சொல்லுக்கே ஓடியது. குரலுக்கான பொத்தானை (பேட்) ஒன்-ஷாட்டுக்கு, அதாவது ஒருமுறை தூண்டினால் முடிவுவரை ஒலிக்கும் முறைக்கு மாற்றினேன். அறுபடவில்லை, ஆனால் பழைய குரலின்மேல் புதியது ஏறிக்கொண்டது. ஒரே குரல் மட்டும் ஒலிக்கும்படி மோனோ ஆக்கினால், மறுபடியும் முதல் சொல். பல நாள் இதிலேயே போயிற்று.

எல்லா டிராக்குகளும் சேர்ந்த சீக்வென்ஸின் நீளத்தை 32 பாராக்கி, டிரம்ஸ் டிராக்கின் நீளத்தை மட்டும் நான்கில் நிறுத்தியதும் சரியானது. டிரம்ஸ் எட்டு முறை சுற்றும். குரலைத் தூண்டும் நோட்டு ஒன்றே ஒன்று.

கவனிக்க வேண்டியது எடுப்பு, அதாவது தாளத்தில் பாட்டு தொடங்கும் இடம். பாடுபவர் அரை அடி முன்னதாகவே தொடங்கியிருந்தார், அதீத எடுப்பு. முன்னாலுள்ள அந்த அரை அடியை வெட்டினால் முதல் எழுத்தே போய்விடும். அதனால் நோட்டை 32ஆம் பாரின் கடைசி அரை அடியில் வைத்தேன். முதல் சுற்றில் குரல் வராமல் போகாதிருக்க, அதே நோட்டு உள்ள ஒரு பார் சீக்வென்ஸை முன்னால் சேர்த்தேன். இப்போது குரல் தாளத்தில் உட்காருகிறது.