கேஜன் என்பது மசாலாவின் பெயர் அல்ல

கேஜன் சிக்கன் என்று மெனுவில் பார்த்ததும், அது ஏதோ காரப்பொடியின் பெயர் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். இலங்கையில் முந்திரியைக் கஜு என்பார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கேஜன் என்பது அமெரிக்காவின் லூசியானா மாநிலத்தில் வாழும் ஒரு மக்களின் பெயர். அவர்கள் பறிகொடுத்த ஊரின் பெயர்தான் அதற்குள் தேய்ந்து கிடக்கிறது.

அந்த ஊர் அகாடியா: இன்றைய கனடாவின் நோவா ஸ்கோஷியாவும் அதன் அக்கம்பக்கமும். அங்கே குடியேறிய பிரெஞ்சுக்காரர்கள் அகாடியர். (மெசபடோமியாவின் அக்காடியர் வேறு.) பேச்சில் முதல் 'அ' உதிர்ந்து 'காடியன்' ஆனது, 'டிய' குழைந்து 'ஜ' ஆனது. அரங்கநாதனை நாம் ரங்கநாதன் ஆக்கவில்லையா, படித்தேனைப் படிச்சேன் ஆக்கவில்லையா? அதே மாதிரிதான்.

அடுத்த தவறு, இவர்கள் பிரான்சிலிருந்து நேராக லூசியானாவுக்கு வந்தவர்கள் என்று எழுதுவது. அகாடியர் கடல்நீர் ஏறும் சதுப்புக்குக் கரை கட்டி, உப்பு மண்ணை விளைநிலமாக்கியவர்கள். 1713-இல் அகாடியா பிரிட்டன் கைக்குப் போனது. பிரிட்டிஷ் அரசருக்கு நிபந்தனையில்லாத விசுவாசப் பிரமாணம் எடுக்க அவர்கள் மறுத்தார்கள். 1755 செப்டம்பர் 5 அன்று, கிராண்ட் பிரே ஊரில் பத்து வயதுக்கு மேற்பட்ட ஆண்கள் அத்தனை பேரும் தேவாலயத்துக்கு வரவழைக்கப்பட்டார்கள். நிலமும் ஆடுமாடுகளும் இனி அரசருக்குச் சொந்தம், நீங்கள் வெளியேற வேண்டும் என்று ஆணை வாசிக்கப்பட்டது. அடுத்த சில ஆண்டுகளில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் கப்பலேற்றப்பட்டார்கள். ஆங்கிலக் குடியேற்றங்களிலும் பிரான்சிலும் அலைந்த பிறகே, 1764 முதல் சிறுசிறு கூட்டமாக லூசியானா வந்து சேர்ந்தார்கள். 1785-இல் மட்டும் ஏழு கப்பல்கள் பிரான்சிலிருந்து வந்தன. அப்போது லூசியானாவை ஆண்டது ஸ்பெயின்.

கேஜனையும் கிரியோலையும் ஒன்றாக்கிவிடுவதும் சரியல்ல. கிரியோல் என்றால் முதலில் காலனி மண்ணிலேயே பிறந்தவர் என்று பொருள். வெள்ளையர், கறுப்பர், கலப்பினத்தவர் எல்லோருக்கும் அந்தப் பெயர் வழங்கியது. சமையலில் இரண்டும் நிறையக் கலந்துவிட்டன, உண்மைதான். ஆனால் கேஜன் வீட்டுச் சமையல் என்றால் வெங்காயம், செலரி, குடைமிளகாய் மூன்றும் சேர்ந்த வதக்கல்தான். வாயை எரிக்கும் காரம் அதற்குக் கட்டாயமில்லை.

எனக்கு முக்கியமாகப் படுவது இன்னொன்று. இந்தச் சொல் எப்போதும் பெருமையாகச் சொல்லப்பட்டதல்ல. நெடுங்காலம் அது 'படிப்பறியாத பட்டிக்காட்டான்' என்ற வசை. 1921-இல் லூசியானா அரசியலமைப்பு பள்ளிகளில் ஆங்கிலம் மட்டுமே என்றது. வீட்டில் பேசிய பிரெஞ்சை வகுப்பில் பேசிய பிள்ளைகள் அடி வாங்கினார்கள். 'பள்ளியில் பிரெஞ்சு பேச மாட்டேன்' என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். 1968-இல் மாநில அரசே பிரெஞ்சைக் காக்க ஓர் அமைப்பை உருவாக்கியபோது, அந்தப் பிள்ளைகளில் பலர் தம் குழந்தைகளிடம் ஆங்கிலம் மட்டுமே பேசும் பெற்றோராக ஆகிவிட்டிருந்தார்கள்.