ஊருக்கு வெளியே ஓடப் போகிறீர்களா? வழி தேர்ந்தெடுப்பதில் நடக்கிற தவறுகள்

கிராமத்தைச் சுற்றியுள்ள பாதைகளில் ஓடுகிறவர்கள் படுகிற அவஸ்தையில் பெரும்பகுதி ஓட ஆரம்பிக்கும் முன்பே தொடங்கிவிடுகிறது. இன்றைக்கு 10 கிலோமீட்டர் என்று மனசில் ஒரு எண்ணை வைத்துக்கொண்டு, போனில் வரைபடத்தைத் திறந்து, அந்த எண் வருகிற மாதிரி ஒரு வட்டத்தை இழுத்துவிட்டுக் கிளம்பிவிடுகிறோம். மைதானத்துக்கும் பூங்காவுக்கும் அது சரி. வயலும் தோப்பும் வாய்க்காலும் உள்ள இடத்தில் தூரத்தை முதலில் முடிவு செய்துவிட்டு வழியை அதற்குப் பொருத்தப் பார்ப்பதுதான் முதல் தவறு. மற்ற பல தவறுகள் இதிலிருந்துதான் கிளைக்கின்றன.

வரைபடத்தில் ஒரு கோடு இருந்தால் அங்கே பாதை இருக்கும் என்று நம்பிவிடாதீர்கள். ஓட்டச் செயலிகள் பலவும் ஓப்பன்ஸ்ட்ரீட்மேப் தரவைத்தான் எடுத்துக்கொள்கின்றன. 2004-ல் தொடங்கிய அந்த வரைபடத்தைத் தன்னார்வலர்கள் வரைகிறார்கள், அருமையான வேலை, ஆனால் ஆள் குறைவான ஊர்ப்பக்கத்தில் ஒரு மண்பாதையை யாரோ எப்போதோ ஒருமுறை வரைந்ததோடு சரி, அப்புறம் அதை உழுதுவிட்டார்களா, வேலி போட்டார்களா, வாய்க்காலின் குறுக்கே இருந்த பலகை போய்விட்டதா என்று யாரும் திரும்பிப் பார்த்திருக்க மாட்டார்கள். செயற்கைக்கோள் படமும் எடுத்த நாளின் நிலத்தைத்தான் காட்டும். கோடையில் எடுத்த படத்தில் வெள்ளையாகத் தெரிகிற தடம் மழைக்காலத்தில் முழங்கால் அளவு சேறாக இருக்கலாம். ஆகவே புது வழி என்றால் முதல் தடவை நடந்தே போங்கள். ஒரு காலை நேரம் போகும், போகட்டும். எங்கே நிழல், எங்கே தண்ணீர், எந்த இடத்தில் குறுக்கே வெளியேறி ஊருக்குத் திரும்பலாம், எந்த வீட்டு வாசலில் நாய் படுத்திருக்கிறது என்பதெல்லாம் நடந்து போனால்தான் கண்ணில் படும்.

ஏற்றத்தைக் கணக்கில் எடுக்காமல் விடுவது அடுத்தது. வில்லியம் நெய்ஸ்மித் என்ற ஸ்காட்லாந்து மலையேறி 1892-ல் நடப்பவர்களுக்கு ஒரு கணக்குச் சொன்னார்: 3 மைலுக்கு ஒரு மணி நேரம், அதோடு ஏறுகிற ஒவ்வொரு 2,000 அடிக்கும் இன்னொரு மணி நேரம். 3 மைல் என்பது 15,840 அடி, அதாவது ஓர் அடி உயரம் ஏறுவது சமதரையில் ஏறத்தாழ 8 அடி போவதற்குச் சமம். அதை வைத்துப் பார்த்தால் 150 மீட்டர் ஏற்றம் உள்ள 8 கிலோமீட்டர் வழி உங்களிடம் 9 கிலோமீட்டருக்கு மேலான உழைப்பைக் கேட்கிறது. தார்ச்சாலையில் ஓடுகிற வேகத்தையே அங்கேயும் பிடித்துக்கொண்டிருந்தால் கடைசி மூன்று கிலோமீட்டரை நடந்துதான் முடிக்க வேண்டியிருக்கும். புது வழியில் தூரத்தை விட்டுவிட்டு நேரத்தை வைத்து ஓடுங்கள். ஒரு மணி நேரம் என்றால் 28-வது நிமிடத்தில் திரும்பிவிடுங்கள், அது எந்த இடமாக இருந்தாலும் சரி.

தரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும், ஏனென்றால் கால் போவது இங்கேதான். மண்பாதை மெத்து மெத்தென்று இருக்கும், முழங்காலுக்கு நல்லது என்று எல்லோரும் சொல்வார்கள், ஈரப்பதம் சரியாக இருக்கிற நாட்களில் அது உண்மைதான். ஆனால் மழை விட்டுப் பத்து நாள் வெயில் காய்ந்த பாதையைக் குனிந்து பாருங்கள். மாடுகள் சேற்றில் நடந்த குளம்புத் தடங்கள் ஒவ்வொன்றும் ஒரு கைப்பிடி ஆழக் குழியாகி, விளிம்பு ஓடு மாதிரி இறுகிப் போயிருக்கும், அதன் மேல் புல் படர்ந்து குழியே தெரியாமல் மூடியிருக்கும். அதில்தான் கணுக்கால் மடங்கும். டிராக்டர் தடமும் அப்படியே. சக்கரம் பதிந்த பள்ளம் வழவழப்பாக இருக்கிறதே என்று அதற்குள் ஓடினால் இரண்டு பக்கச் சுவரும் பாதத்தை உள்ளே திருப்பும். நடுவில் புல் முளைத்த மேடு பெரும்பாலும் பரவாயில்லை, அதையும் முதலில் மெதுவாக ஓடிப் பார்த்துவிட்டுத்தான் நம்ப வேண்டும். இந்த மாதிரித் தரையில் அடியைச் சின்னதாக வையுங்கள், கண் நாலைந்து மீட்டர் முன்னால் இருக்கட்டும், புல் உயரமாக இருந்தால் நடங்கள். கால் எங்கே விழுகிறது என்று தெரியாத இடத்தில் ஓடக் கூடாது. பாம்பு விஷயத்திலும் இதே விதிதான்.

தார்ச்சாலை பாதுகாப்பு என்று நினைத்து ஓரத்திலேயே ஓடுகிறவர்கள் ஒன்றைக் கவனிப்பதில்லை. மழைநீர் வடிவதற்காகச் சாலையை நடுவில் உயர்த்தி ஓரத்தில் சரித்திருப்பார்கள். அந்தச் சரிவில் ஓடும்போது ஒரு கால் எப்போதும் தாழ்வாகவே விழுகிறது. போகும்போது ஒரு கால், வரும்போது மறு கால் என்று சமமாகிவிடும் என்று தோன்றும், ஆனால் வண்டிகளைப் பார்த்தபடி எதிர்ப்பக்கமாகவே ஓடினால் (அப்படித்தான் ஓடவும் வேண்டும்) திரும்பி வரும்போதும் அதே கால்தான் தாழ்வில் இருக்கும். வாரக்கணக்கில் இப்படி ஓடினால் இடுப்பிலோ முழங்காலின் வெளிப்பக்கத்திலோ வலி கிளம்பலாம், அதற்கு ஷூவை மாற்றிப் பயனில்லை. வாரத்தில் ஒன்றிரண்டு நாளாவது சரிவில்லாத வழிக்கு மாறுங்கள்.

வளைவுகளில் மட்டும் எதிர்ப்பக்க விதியைத் தளர்த்த வேண்டும். ஆள் உயரத்துக்குப் பயிர் வளர்ந்து மறைக்கிற வளைவில் உட்புறமாக ஓடினால் ஓட்டுநருக்கு நீங்கள் தெரியவே மாட்டீர்கள். மணிக்கு 60 கிலோமீட்டரில் வருகிற வண்டி ஒரு வினாடியில் 16 மீட்டருக்கு மேல் கடக்கிறது. 50 மீட்டரில் உங்களைப் பார்த்தால் அவருக்குக் கிடைப்பது மூன்று வினாடி. வளைவுக்கு முன்பே நின்று, காது கொடுத்துக் கேட்டு, வெளிப்பக்கத்துக்கு மாறி, தாண்டியதும் பழைய பக்கத்துக்கு வந்துவிடுங்கள். காது கொடுத்துக் கேட்க வேண்டுமானால் இரண்டு காதிலும் பாட்டு ஓடக் கூடாது, இதில் நான் விட்டுக்கொடுக்கவே மாட்டேன்.

நாய் துரத்தினால் வேகத்தைக் கூட்டுவது இயல்பாக வருகிற தவறு. ஓடுவதைத் துரத்துவது அதன் சுபாவம். நின்றுவிடுங்கள், கண்ணுக்குக் கண் முறைக்காமல் பக்கவாட்டில் திரும்பி நில்லுங்கள், கத்தாமல் மெதுவாகப் பின்வாங்குங்கள். பெரும்பாலும் அது தன் வீட்டு எல்லையைக் காக்கிறது, எல்லை தாண்டியதும் நின்றுவிடும். கடித்துவிட்டால், சின்னக் கீறல்தானே என்று விடாமல், ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றைக்கே மருத்துவமனைக்குப் போங்கள். அடுத்த முறை அந்த வீட்டைத் தள்ளிப் போகிற வழியைப் பாருங்கள். மாடுகள் மேய்கிற இடத்திலும் ஓட்டத்தை நிறுத்தி நடக்க வேண்டும். பசுவுக்கும் கன்றுக்கும் நடுவே மட்டும் போய்விடாதீர்கள், சாதுவான பசுகூட அங்கே பாய்ந்துவிடும்.

காற்றையும் பார்த்துக் கிளம்புங்கள். குளிர்ந்த நாளில் முதல் பாதி எதிர்க்காற்றில் இருக்கட்டும், வேர்த்த உடம்போடு திரும்பி வரும்போது எதிர்க்காற்று அடித்தால் நடுங்கிப் போவீர்கள். வெயில் நாளில் நேர்மாறு, காற்று முதுகுப் பக்கம் வந்தால் உடம்பில் காற்றே படாத மாதிரி வெக்கையாக இருக்கும், ஆகவே களைத்துத் திரும்புகிற பாதியில் எதிர்க்காற்று கிடைக்கிற மாதிரி போங்கள். வயலில் யாராவது மருந்து அடித்துக்கொண்டிருந்தால் அன்றைக்கு வேறு வழி.

நிலம் யாருடையது என்பதை மறப்பது நம்மில் பலர் செய்கிற தவறு. விதைத்த ஓரத்தில் கால் வைக்காதீர்கள். கேட் திறந்திருந்தால் திறந்தபடி, மூடியிருந்தால் மூடியபடி விட்டுவிட்டு வாருங்கள், உள்ளே மாடு இருக்கும். குறுக்கே ஒற்றைக் கம்பி போயிருந்தால் அது மின்வேலியாக இருக்கலாம், தாண்டப் பார்க்காமல் திரும்பிவிடுங்கள். நிலத்துக்காரரைப் பார்த்தால் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள், எந்தப் பக்கம் சேறு, எந்தப் பக்கம் போகலாம் என்று அவரே சொல்வார், அதற்கு ஈடான தகவல் எந்தச் செயலியிலும் கிடையாது.

ஓடிய வழியை அப்படியே இணையத்தில் போடுகிறவர்களுக்கு ஒன்று. 2018 ஜனவரியில் ஸ்ட்ராவா என்ற ஓட்டச் செயலியில், பயனர்கள் ஓடிய வழிகளையெல்லாம் ஒன்றாகச் சேர்த்துக் காட்டுகிற வெப்ப வரைபடத்தைப் பார்த்தவர்கள், ஆள் நடமாட்டம் குறைந்த பகுதிகளில் இருந்த ராணுவ முகாம்களின் வடிவத்தைக் கண்டுபிடித்தார்கள், அங்கே ஓடியது அந்த வீரர்கள் மட்டும்தான் என்பதால். ஓடுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்கிற கிராமத்திலும் இதே நிலைமைதான், உங்கள் வீடு எது, எந்த நேரத்தில் தனியாக எங்கே இருப்பீர்கள் என்று யார் வேண்டுமானாலும் படித்துக்கொள்ளலாம். தொடக்கத்தையும் முடிவையும் மறைக்கிற வசதி செயலியிலேயே இருக்கிறது, இன்றைக்கே போட்டுவிடுங்கள்.

ஆனால் வீட்டில் ஒருவருக்கு முழு வழியும் தெரிந்திருக்கட்டும். எந்தப் பக்கம் போகிறேன், எத்தனை மணிக்குள் வருவேன், வராவிட்டால் எந்தப் பாதையில் தேட வேண்டும் என்று சொல்லிவிட்டுக் கிளம்புங்கள். பள்ளத்தாக்கிலும் அடர்ந்த தோப்பிலும் சிக்னல் போய்விடும், வரைபடத்தை முன்பே போனில் இறக்கி வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் நிறுவனத்தின் சிக்னல் இல்லாத இடத்திலும், வேறு நிறுவனத்தின் சிக்னல் இருந்தால், பல நாடுகளில் 112 அவசர அழைப்பு அதன் வழியாகப் போகும். கால் மடங்கி உட்கார்ந்துவிட்டால் முதலில் அதைத்தான் முயன்று பார்க்க வேண்டும்.