பேனிக் அட்டாக் அடங்கிய பிறகு உடம்பைக் கவனிக்கும் விதம்

பேனிக் அட்டாக்கின் (திடீரென்று மூளும் கடும் பீதி) உச்சம் பெரும்பாலும் 10 நிமிடத்துக்குள் கடந்துவிடும். அதன்பின் நடுக்கம், நெஞ்சு வலி, விரல் மரமரப்பு, அடித்துப் போட்டதுபோன்ற அசதி எல்லாம் சில மணி நேரம் இருக்கும். சிலருக்கு மறுநாளும் தொடரும். "திரும்ப வருகிறதோ" என்று மிரள வைப்பதும் இந்த மிச்சம்தான்.

முதலில், இது பேனிக்தானா? நெஞ்சில் பாரம் வைத்ததுபோல் வலித்து கை, தாடை, முதுகுக்குப் பரவினால், மயக்கம் வந்தால், ஒரு பக்கக் கை கால் வலுவிழந்தால், மூச்சுத் திணறல் அடங்காமல் இருந்தால் உடனே 995 (சிங்கப்பூர் ஆம்புலன்ஸ் எண்). வீட்டில் "வாயுப் பிடிப்பு" என்று சீரகத் தண்ணீர் வைத்துக் காத்திருக்க வேண்டாம். நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர் குளுக்கோமீட்டரில் குத்திப் பாருங்கள். சர்க்கரை குறைந்தாலும் இதே வியர்வை, இதே படபடப்புதான். 4.0 mmol/L-க்குக் கீழே இருந்தால் 3 தேக்கரண்டி சீனியை அரை டம்ளர் தண்ணீரில் கரைத்துக் குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள்.

விரலும் உதட்டைச் சுற்றியும் மரமரப்பது வேகமாக மூச்சு வாங்கியதால். கரியமில வாயு அளவுக்கு மீறி வெளியேறி, இரத்தத்தின் அமிலத்தன்மை குறைந்து, நரம்புகள் கூச்சம் கண்டுவிடுகின்றன. "நல்லா இழுத்து மூச்சு விடு" என்று பக்கத்தில் இருப்பவர் சொல்வார். அப்படிச் செய்தால் மரமரப்பு கூடும். வாயை மூடி, மூக்கால் 4 எண்ணும் வரை மெதுவாக இழுங்கள், 6 எண்ணும் வரை விடுங்கள். நெஞ்சு தூக்கக் கூடாது, வயிறு லேசாக அசைந்தால் போதும். 5 நிமிடம் செய்யுங்கள். தலை கிறுகிறுத்தால் இழுப்பது அதிகம் என்று அர்த்தம். இன்னும் குறைத்து இழுங்கள். காகிதப் பைக்குள் மூச்சு விடும் பழைய வைத்தியம் வேண்டாம். ஆஸ்துமாவோ இதய நோயோ உள்ளவருக்கு அது ஆபத்து.

நடுக்கத்தை அடக்கப் பார்க்காதீர்கள். அட்ரினலின் தசையை ஓடத் தயாராக்கிவிட்டது, நீங்களோ எம்ஆர்டி ரயில் இருக்கையில் உட்கார்ந்திருந்தீர்கள். புளோக்கின் கீழ்த்தளத்தில் 10 நிமிடம் நிதானமாக நடங்கள். நண்பகல் வெயிலில் வேண்டாம், தலைசுற்றல்தான் மிஞ்சும். நடக்க முடியாவிட்டால் இரு கைகளையும் 5 விநாடி இறுக்கி மூடி, 10 விநாடி தளர விடுங்கள். பிறகு தோள், தாடை.

விலா எலும்புகளுக்கு இடையிலான தசைகளும் தோளும் இறுகி உழைத்ததால் மறுநாள் வலிக்கலாம். திரும்பும்போதோ அழுத்தும்போதோ கூடும் வலி பெரும்பாலும் தசை வலி. ஆனால் அதை மட்டும் வைத்து இதயத்தில் ஒன்றுமில்லை என்று முடிவு கட்டாதீர்கள். வெதுவெதுப்பான துண்டை 15 நிமிடம் தோளில் போடலாம். கோடாரித் தைலம் தேய்த்த இடத்தில் மட்டும் ஒத்தடம் கூடாது, தோல் வெந்துவிடும்.

வயிறு பிரட்டும்போது பசியே தெரியாது. ஆனாலும் ஒரு மணி நேரத்துக்குள் கஞ்சி, வாழைப்பழம், ரசம் சோறு என்று ஏதாவது கொஞ்சம் சாப்பிடுங்கள். வெறும் வயிறு நடுக்கத்தை நீட்டும். காப்பிக்கடையில் கோப்பி ஓ வேண்டாம், தே தாரிக்கும் அன்றைக்கு விடுமுறை. கஃபீனில் பாதி கழியவே சுமார் 5 மணி நேரம் ஆகும், அதன் படபடப்பைப் பேனிக்கிலிருந்து பிரித்தறிய முடியாது. அசதிக்குப் பகலில் 30 நிமிடத்துக்கு மேல் தூங்கினால் இரவு போச்சு.

பலர் தடுக்கி விழும் இடம் கைக்கடிகாரத்தின் நாடித்துடிப்பு எண். ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்த்தால் பயத்திலேயே அது ஏறும். கழற்றி வையுங்கள்.

முதல்முறை வந்தவர் பலதுறை மருந்தகத்துக்குப் போய் இசிஜி, தைராய்டு, இரத்தசோகைச் சோதனைகள் தேவையா என்று கேளுங்கள். எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம், அதற்குமுன் என்ன குடித்தீர்கள், எந்த மருந்து எடுத்தீர்கள் என்று குறித்துக்கொண்டு போங்கள். ஆஸ்துமா இன்ஹேலரும் படபடப்பைத் தரும், அதைச் சொல்ல மறந்துவிடுவார்கள். நள்ளிரவில் மனம் ஓயாவிட்டால் தேசிய மனநல உதவி எண்ணான 1771-ஐ அழைக்கலாம், 24 மணி நேரமும் எடுப்பார்கள்.