சின்ன ஹார்ப் வாசிக்க ஆரம்பிக்கறவங்களுக்கு: சுருதில இருந்து மோகனம் வரைக்கும்

தர்மபுரியில நான் பாத்த மியூசிக் கடையில எல்லாம் கீபோர்டு, கிட்டார், மிருதங்கம்தான், ஹார்ப் இல்ல, அதனால 15 கம்பி வச்ச மடி ஹார்ப் (யாழ் மாதிரி விரலால மீட்டற மேல்நாட்டு வாத்தியம்) ஒண்ண ஆன்லைன்ல வரவழைச்சேன், சொல்லித்தரவும் பக்கத்துல ஆள் இல்ல, தட்டுத்தடுமாறி கத்துகிட்டத எழுதறேன்.

முதல்ல சுருதி. கூட வர்ற சாவிய கம்பி சுத்தியிருக்கற ஆணியில மாட்டி, போன்ல ட்யூனர் ஆப் போட்டு, கம்பிய மீட்டிகிட்டே துளித்துளியா திருப்புங்க. ஆப்ல "சி"ன்னு (மேற்கத்திய சுரப் பேரு) காட்டினா மட்டும் பத்தாது, பக்கத்துல நம்பரையும் பாருங்க, சி4 வேற, அதுக்கு ஒரு ஸ்தாயி மேல இருக்கற சி5 வேற. நான் அத கவனிக்காம ஒரு ஸ்தாயி மேல ஏத்தப் பாத்து, பட்டுன்னு அறுந்து புறங்கையில சுளீர்னு அடிச்சுது, ரெண்டு நாள் தடிப்பு போகல. புது நைலான் கம்பி இழுபட்டுகிட்டே இருக்கும், முதல் சில வாரம் தினமும் சுருதி இறங்கும், பயப்படாதீங்க. சித்திரை வெயில்ல ஷீட் போட்ட ரூம்ல மட்டும் வைக்காதீங்க.

மடியில வச்சு வலது தோள்ல லேசா சாய்ச்சுக்கங்க, குட்டிக் கம்பி உங்க பக்கம் இருக்கணும்.

அடுத்து விரல், இதுலதான் பொறுமை வேணும். கட்டைவிரல் மேல பாத்தமாதிரி, மத்த மூணும் கீழ சாஞ்சமாதிரி கம்பியில முன்னாடியே வச்சுடணும், சுண்டுவிரலுக்கு வேலையே இல்ல. நகத்தால சுண்டாம விரல் சதையால அமுக்கி இழுத்து, இழுத்த விரல உள்ளங்கைக்குள்ள மடக்கிடணும், அப்பதான் சத்தம் முழுசா வரும். பத்து நிமிஷத்துல நுனி எரியும், நிறுத்திட்டு சாயங்காலம் திரும்ப எடுங்க.

இப்ப பாட்டு. பொதுவா சிவப்புக் கம்பி சி, கருப்பு இல்லன்னா நீலம் எஃப். சி மேஜர்ல (சி-ல ஆரம்பிக்கற மேற்கத்திய சுர வரிசை) சுருதி சேத்துட்டு சிவப்ப ஸ-ன்னு வச்சா வரிசையா சங்கராபரண ராகம், கருப்பு ம. ஒரு கம்பிக்கு ஒரு சுரம், நம்ம யாழும் இப்படித்தான், சீறியாழுக்கு 7, பேரியாழுக்கு 21ன்னு சொல்வாங்க. அதியமான் ஆண்ட தகடூர்ல, அதாவது இதே தர்மபுரியில உக்காந்து இத மீட்டறப்ப எனக்கு வேத்து ஊரு வாத்தியம்னே தோணல.

இனி கருப்பையும், அடுத்த சிவப்புக்கு முன்னாடி இருக்கற நி கம்பியையும் விட்டுட்டு மீட்டுங்க: ஸ ரி க ப த ஸ். மோகன ராகம் வந்துடுச்சு! தாண்டிப் போறப்ப விரல் கருப்புல உரசும், அதுக்காக க-வையும் ப-வையும் மட்டும் மாத்தி மாத்தி நிதானமா அடிங்க, கண்ண மூடிகிட்டு வர்ற வரைக்கும். அப்புறம் இடது கையால கீழ்ச் சிவப்ப ஒரு தடவ மீட்டி விட்டு, அது ஒலிச்சு அடங்கறதுக்குள்ள வலது கை மேல ஏறி இறங்கி வந்துடணும்.